களைக்கு இடம் விட்டது யார்?

களைக்கொல்லி இல்லாமல் இனி விவசாயம் இல்லை என்பது இன்று ஏறத்தாழத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட விஷயம். தஞ்சாவூர் உரக்கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். தொலைக்காட்சி விவசாய நிகழ்ச்சிகளிலும் அதுதான். நான் குடியிருக்கும் தென் கொல்கத்தாவில், காளிகாட் மெட்ரோ நிலையத்துக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் நடுவில், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே வயலை விட்டு வந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களின் காபி நேரத்துப் பேச்சும் அங்கேதான் போய் முடிகிறது. ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, களை நிற்பதில்லை, ஆகவே மருந்து. தானியத்தையும் பயறையும் கலந்து மூடுபயிராக விதைத்தே களையை அடக்கலாம் என்று யாராவது வாய் திறந்தால் சிரிக்கிறார்கள். அது ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் அமெரிக்கக்காரன் வேலை, இல்லையென்றால் இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வாரின் பக்தர்கள் வேலை. ஒன்றரை ஏக்கர்காரனுக்கு எதற்கு என்கிறார்கள்.

இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆள் இல்லை என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. அந்த ஓர் உண்மையின் தலையில் ஏற்றி வைத்திருக்கும் மற்றதெல்லாம்தான் நிற்கவில்லை. ஒரு வயலில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் வெளிச்சமும் ஈரமும் தழைச்சத்தும் இருந்தால், அதை எடுத்துக்கொள்ள ஏதோ ஒரு செடி வந்தே தீரும். நாம் விதைத்த செடி வராவிட்டால் கோரை வரும், சாறணை வரும், குதிரைவாலிப் புல் வரும். மருந்து அடித்தால் அந்த இடம் மறுபடியும் காலியாகிறது. அடுத்த மழைக்கு அடுத்த கூட்டம் வருகிறது. காலி நிலம்தான் நோய் என்றிருக்க, அதை மேலும் காலியாக்கும் ஒன்றை மருந்து என்று வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

காளி பூஜைக்கு முதல் நாள் பூத சதுர்த்தசி. அன்று வங்காளி வீடுகளில் பதினான்கு கீரை சமைப்பது வழக்கம். காளிகாட்டைச் சுற்றியுள்ள சந்தைகளில் கீரைக்காரிகள் கலந்து கட்டிய கட்டுகளை அன்று விடியற்காலையிலேயே குவித்துவிடுவார்கள். மரபுப் பட்டியலில் உள்ள பெதோ நம்மூர்ச் சக்கரவர்த்திக் கீரை. ஷாஞ்சே என்பது பொன்னாங்கண்ணி, சுஷ்னி ஆரைக்கீரை. களையியல் பாடநூலைத் திறந்தால் இந்த மூன்றும் அங்கேயும் இருக்கும்: முதலாவது கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் எதிரி, மற்ற இரண்டும் நெல்லுக்கு எதிரி. இதைச் சொல்லிக்கொண்டு, களையெல்லாம் மூலிகை, இயற்கையன்னையின் கொடை என்று உருகப் போவதில்லை. அந்த உருக்கம்தான் எதிர்த்தரப்புக்குத் தீனி. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககத்தின் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, 18 மாநிலங்களில் 10 பயிர்களில் மட்டும் களையால் நாடு இழப்பது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி டாலர். களை பகைதான். பகையை எப்படி எதிர்கொள்வது என்பதில்தான் சண்டை.

தெளித்துக் கொன்றுவிடலாம் என்ற நம்பிக்கை வங்காளத்துக்குப் புதிதல்ல. ஆகாயத்தாமரை இங்கே ஆற்றையும் குளத்தையும் மூடிக்கொண்டு படகை நிறுத்தியது, நெல்லை அழித்தது. 1921-ல் வங்காள அரசு ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கிரிஃபித்ஸ் என்பவர் தன்னிடம் ஒரு தெளிப்புக் கரைசல் இருப்பதாகவும் அது செடியை ஒழித்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. செடிகளின் உயிர்ப்பைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்த போஸுக்கு அந்தத் தெளிப்பில் நம்பிக்கை இல்லை. பிறகு 1936-ல் சட்டமே போட்டு மக்களைக் கொண்டு வாரி எறியச் சொன்னார்கள். நூறு ஆண்டு ஆகப் போகிறது. வங்கத்தின் குளம் குட்டைகளில் ஆகாயத்தாமரை இன்றும் மிதக்கிறது. விவசாயி மட்டும் தன் பாட்டுக்கு அதை அள்ளிக்கொண்டு போய் உருளைக்கிழங்குப் பாத்தியில் மூடாக்காகப் போட்டு, அந்தப் பாத்தியில் வேறு களை வராமல் பார்த்துக்கொண்டான். அரசுக் குழுவுக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

களை எப்படி முளைக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 1879-ல் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் போட்டுப் புதைத்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்க வைக்கிறார்கள். 2021-ல் எடுத்த புட்டியில், 142 ஆண்டுக்குப் பிறகும், வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. இந்த வருடம் பூக்க விட்ட களை நம் பேரன் காலத்துக்கும் சேமிப்புப் போட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். மேலே நிற்கும் செடியைக் கொல்லும் எந்த மருந்தும் மண்ணுக்குள் உறங்கும் இந்த இருப்பைத் தொடுவதில்லை.

உறங்குவதை எழுப்புவது எது? பெரும்பாலும் வெளிச்சம். பொடி விதைக் களைகள் பலவற்றுக்கு ஒரு நொடி வெளிச்சம் போதும். உழும்போது புரண்டு மேலே வந்து திரும்ப மண்ணுக்குள் போகும் அந்தக் கணத்திலேயே விழித்துக்கொள்ளும். ஜெர்மனியில் இதைச் சோதிக்க இருட்டில் உழுதுகூடப் பார்த்திருக்கிறார்கள். சில களைகள் கணிசமாகக் குறைந்தன, சில அசைந்துகொடுக்கவில்லை. ராத்திரியில் உழச் சொல்லி யாரிடமும் நான் கேட்கப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பச்சை இலையின் ஊடாக வடிந்து கீழே வரும் வெளிச்சத்தில், முளைக்கச் சொல்லும் சிவப்புக் கதிர்களை இலையே உறிஞ்சிவிடுகிறது. மிச்சம் வரும் வெளிச்சம் விதைக்குத் தரும் சேதி, மேலே இடமில்லை, படு என்பதுதான். தரையை இலை மூடியிருந்தால் களை விதை தானாகவே காத்திருக்கும். அதைக் கொல்ல வேண்டியதே இல்லை.

தானியமும் பயறும் சேரும் இடம் இங்கேதான் வருகிறது. கம்பும் சோளமும் வேகமாக முளைத்து, வேரை அடர்த்தியாக இறக்கி, மண்ணில் கரைந்து கிடக்கும் தழைச்சத்தை முதலில் உறிஞ்சிவிடும். கையிருப்பு இல்லாத பொடி விதைக் களை பட்டினி கிடக்கும். சோளத்தின் வேர் சுரக்கும் சோர்கோலியோன் என்ற பொருள் பக்கத்து முளைகளை நேரடியாகவே முடக்கும். ஆனால் தானியத்தை மட்டும் விதைத்து முற்றவிட்டு மடக்கி உழுதால் அடுத்து வரும் நெல் மஞ்சளடிக்கும். முற்றிய தட்டையில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரி 60, 80 பங்கு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். பயறு மட்டும் விதைத்தால் நேர்மாறான சங்கடம். அதன் தழையில் ஒன்றுக்கு 15, 20 பங்குதான் கரி. சில வாரங்களில் கரைந்து, மூடாக்கும் மறைந்து, விடுபட்ட தழைச்சத்து நம் பயிரோடு களைக்கும் விருந்தாகும். இரண்டையும் கலந்தால் தழையும் நிற்கும், சத்தும் மெல்ல மெல்ல வரும். தட்டைப்பயறு படர்ந்து தரையை மூட, சோளம் மேலே நிமிர்ந்து நிற்க, நடுவில் வெளிச்சம் விழ இடமிருக்காது. தழைச்சத்து மிகுந்த மூலையில் தானியம் ஓங்கும், இளைத்த மூலையில் பயறு ஓங்கும். எந்த இடத்தில் எது என்று நாம் பார்த்துப் பார்த்து விதைக்க வேண்டியதில்லை.

இது அமெரிக்கக்காரன் விஷயம் என்கிறவர்களை ஒரு நடை நம் மானாவாரிக் காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். கம்போடு தட்டைப்பயறு, சோளத்தோடு மொச்சை, துவரை என்று பெரியவர்கள் விதைத்தது தெரிந்தேதான். 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், குறை கண்டுபிடித்துத் திருத்த வந்தவர். இந்திய விவசாயி களை இல்லாமல் நிலத்தை வைத்திருக்கும் நேர்த்தியையும், கலப்புப் பயிரில் அவனுக்குள்ள தேர்ச்சியையும் புகழ்ந்து அறிக்கை எழுதிவிட்டுப் போனார். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இக்ரிசாட் நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் இதையே அளந்து பார்த்தது. சோளம், துவரை வரிசைகளின் நடுவே தட்டைப்பயறோ பாசிப்பயறோ அடர்த்தியாக விதைத்தபோது ஒரு கைக்களை எடுப்பு மிச்சமாயிற்று. அதை அவர்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. உழவர்கள் செய்ததற்கு எண் கொடுத்தார்கள்.

வங்காளத்தில் இதற்குப் பெயர் பைரா. ஆமன் நெல் வயலில் நிற்கும்போதே, அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன், கேசரிப் பயறையோ மசூரையோ ஈர மண்ணில் தூவிவிடுவார்கள். நெல்லை அறுக்கும்போது பயறு ஏற்கெனவே முளைத்துத் தரை பிடித்திருக்கும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, நிலம் ஒரு நாள்கூட வெறுமையாகக் கிடப்பதில்லை. நம் காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மெழுகுப் பதத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பது இதே வித்தைதான். ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகமே அதற்கென்று பேர்போனது. காளிகாட்டை ஒட்டி ஓடும் ஆதி கங்கை தெற்கே போகும் திசையில் உள்ள ஜாய்நகர்க்காரனும் மன்னார்குடிக்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் ஆயிரம் ஏக்கரும் இல்லை.

கேசரிப் பயறை இழுத்து எதிர்வாதம் செய்கிறவர்கள் உண்டு. அதை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் கால் முடங்கும் நோய் வரும் என்பது உண்மை. பஞ்ச காலங்களில் ஏழைகளுக்கு வந்தது. அதனால்தான் 1961-ல் அதன் விற்பனைக்குத் தடை வந்து பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையானது. நச்சு குறைந்த ரகங்கள் பிறகு வந்துவிட்டன. அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் மசூர் விதைக்கட்டும். வாதம் கேசரியைப் பற்றியதல்ல.

இந்தப் பழக்கம் ஏழையின் கைவைத்தியம், லாபக் கணக்குத் தெரிந்தவன் செய்யமாட்டான் என்பது இன்னொரு கட்சி. இதற்குப் பதில் நம் முன்னோர்களின் முதுகில் எழுதியிருக்கிறது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது துரைமார்களின் முதல் கட்டளை சுத்தக் களை. ரப்பர் மரத்தைத் தவிரத் தரையில் ஒரு புல் பூண்டு இருக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மலைச்சரிவு முழுக்கச் சுரண்டிச் சுரண்டித் தரையை மொட்டையாக்கினார்கள். அந்த ஊர் மழையில் மேல்மண் கரைந்து ஆற்றில் போனது, புல்லோ திரும்பத் திரும்ப வந்தது. 1920, 30-களில் தோட்ட நிர்வாகங்கள் தாமாகவே பாடம் கற்றன. ப்யூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்ற பயறினக் கொடிகளைக் கலந்து இளம் ரப்பருக்கு நடுவே விதைத்தார்கள். கொடி தரையை மூடியது, களை அடங்கியது, மண் நின்றது. இன்றைக்கும் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இளம் ரப்பர்த் தோட்டத்தில் மூடுபயிர் போடுவது வழக்கமான யோசனை. திரிபுராக் காட்டிலிருந்து வந்த முக்குனா பிராக்டியாட்டா என்ற கொடி இப்போது மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள்வரை போய்விட்டது. பைசாவுக்குப் பைசா கணக்குப் பார்க்கும் கம்பெனிக்காரன் நூறு ஆண்டாகச் செய்வதை, இரண்டு தலைமுறைக்கு முன் அந்தத் தரையைச் சுரண்டியவர்களின் சொந்தக்காரர்கள் இன்று ஆடம்பரம் என்கிறார்கள். அந்தக் கொடிகள் பயறுக் கலவைதானே, தானியம் எங்கே என்று கேட்கலாம். மரப்பயிருக்குக் கொடி போதும். ஆண்டுக்கு இரண்டு முறை உழும் நெல் வயலுக்குத்தான் தானியத்தின் வேரும் தட்டையும் வேண்டியிருக்கிறது.

இனி ஆள் பஞ்சம். விடியுமுன் கிளம்பும் கேனிங் லோக்கலையும் லக்ஷ்மிகாந்தப்பூர் லோக்கலையும் பார்த்தவர்களுக்கு வயலில் ஏன் ஆள் இல்லை என்று விளக்க வேண்டியதில்லை. தெற்கு 24 பர்கானாவின் பெண்கள் நின்றபடியே வந்து, ஜாதவ்பூரிலும் டாகூரியாவிலும் பாலிகஞ்சிலும் இறங்கி, காளிகாட் வரை உள்ள வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள், தரை துடைக்கிறார்கள். நாற்று நட்டதும் களை பறித்ததும் அதே கைகள். தமிழ்நாட்டிலும் களையெடுப்பு பெண்கள் வேலைதான். அவர்கள் இப்போது பனியன் கம்பெனி வேனில் போகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும். நாள் முழுக்கக் குனிந்து புல் பிடுங்கும் வேலைக்கு அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று ஏங்குவது அயோக்கியத்தனம். கைக்களையே உயர்ந்தது என்று மேடையில் முழங்கும் இயற்கை விவசாய நண்பர்களிடமும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆள் இல்லை என்பது மருந்துக்குச் சாதகமான வாதமா? ஓர் ஏக்கர் கைக்களைக்குப் பத்துப் பெண்களுக்குக் குறையாமல் வேண்டும், அதுவும் இரண்டு தடவை. மருந்தென்றால் ஓர் ஆள். ஓர் ஏக்கருக்குக் கலப்பு விதை தூவவும் ஓர் ஆள்தான், ஒரு காலை நேரம்தான். மடக்கி உழ ஒரு டிராக்டர் ஓட்டம், அதுவும் எப்படியும் உழப் போகிற உழவுதான். ஆகக் கூலிக் கணக்கில் மருந்தும் மூடுபயிரும் ஏறக்குறையச் சமம். வித்தியாசம் அதற்கப்புறம் தெரிகிறது. விதைக்குப் போட்ட பணம் தழையாகவும் சத்தாகவும் மண்ணில் நிற்கிறது. கேனிங்கில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் சுந்தரவனத்துக் கோசாபா பகுதியில் பரப்பிவரும் முறையில், ஆமன் அறுத்த ஈரத்தில் உழாமலே உருளைக்கிழங்கை வைத்து வைக்கோலால் மூடுகிறார்கள். வைக்கோல் களையை அடக்குகிறது, ஈரத்தைக் காக்கிறது, கோடையில் உப்பு மேலேறுவதையும் குறைக்கிறது. ஆள் பஞ்சத்தால் அடிபட்ட அதே ஊர்களில்தான் இது நடக்கிறது.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள பெரிய தடி இலங்கை. 2015-ல் அங்கே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் களை முட்டிவரை வளர்ந்து, 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்குக் கொடுத்தார்கள். 2021 ஏப்ரலில் ஒரே ராத்திரியில் எல்லா இரசாயன உர, பூச்சிக்கொல்லி இறக்குமதிக்கும் தடை போட்டு, விளைச்சல் சரிந்து, நவம்பரில் பின்வாங்கினார்கள். பார்த்தாயா என்கிறார்கள். பார்த்தேன். ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு நடக்கச் சொன்ன அரசாங்கத்தைப் பார்த்தேன். எந்த வயலில் எந்த விதையைத் தூவிக் காலி இடத்தை நிரப்பிய பிறகு அந்தத் தடை வந்தது? ஒன்றிலும் இல்லை. மூடுபயிர் தோற்றதற்கு அது சாட்சியம் ஆகாது, ஏனென்றால் மருந்துக்கு மாற்றாக மூடுபயிரைப் பரப்பிவிட்டு அந்தத் தடை வரவில்லை. தடைச் சட்டத்தின் மீது எனக்கும் பெரிய மோகம் இல்லை. இந்தியாவில் 2022 அக்டோபரில் கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழில்முறையாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு ஆணை போட்டது. ஆணை தாளில் இருக்கிறது, புட்டி கடையில் இருக்கிறது.

மருந்தாவது கடைசிவரை வேலை செய்கிறதா? பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் குல்லி டண்டா என்ற புல், நெல்-கோதுமைச் சுழற்சியோடு பெருகியது. ஐசோபுரோட்டுரான் அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவில் அந்த மருந்துக்கு அது சாகவில்லை. புது மருந்துகள் வந்தன. பிறகு அவற்றுக்கும் சாகாத கூட்டம் வந்தது. அமெரிக்காவில் கிளைபோசேட்டைத் தாங்கும் பருத்தியும் சோயாவும் விதைத்து, களைப் பிரச்சினை தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். பத்தாண்டு ஆகுமுன் ஜார்ஜியா மாநிலத்தில் கிளைபோசேட்டுக்கு மசியாத ஒரு முள்ளுக்கீரை இனம் கிளம்பி, தெற்கு முழுக்கப் பரவியது. அங்குள்ள பெரும் பண்ணைக்காரர்களில் பலர் ரை என்ற தானியத்தையும் வெட்ச் என்ற பயறுக் கொடியையும் சேர்த்து விதைக்கத் தொடங்கியது அதற்குப் பின்தான். நாம் இங்கே 2021-ல் இமாசெத்தபிர் மருந்தைத் தாங்கும் பாஸ்மதி ரகங்களை வெளியிட்டு, அவர்கள் ஏறி இறங்கிய அதே படியில் கால் வைத்திருக்கிறோம். நெல்லின் காட்டு உறவுப் புல்லோடு அந்தக் குணம் கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் விதைப் பையில் அச்சிடப்படவில்லை.

என் தரப்பின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்வதற்கு முன்.

கோரைக் கிழங்கையும் அருகையும் நாற்பத்தைந்து நாள் மூடுபயிர் ஒழிக்காது. அவற்றுக்கு நிலத்தடியில் கையிருப்பு உண்டு, விதையை நம்பி அவை இல்லை. நிழலில் கோரை இளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று பருவம் விடாமல் மூட வேண்டும், கோடை உழவில் கிழங்கைக் காய வைக்கவும் வேண்டும். அதேபோல், அமெரிக்காவில் ரை விதைத்தவர்கள் பார்த்த வகையில், களையைத் தழை மூடாக்கு மட்டுமே நன்றாக அடக்க ஹெக்டேருக்கு 8 டன் உலர்தழை வேண்டும். நம்மூரில் தக்கைப்பூண்டு நாற்பத்தைந்து, அறுபது நாளில் ஏக்கருக்கு எட்டு, பத்து டன் பச்சைத்தழை கொடுத்தாலும், காய்ந்த கணக்கில் அந்த அளவில் பாதிதான் தேறும். ஆகவே முதல் களை மிச்சம், இரண்டாவது களை பாதி என்று எதிர்பார்ப்பதே நியாயம். களையே வராது என்று மேடையில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

தண்ணீர்க் கேள்வியும் நியாயமானதே. மூடுபயிரும் குடிக்கும். ராமநாதபுரத்தில் கோடை மழை பொய்த்த வருடம் கலப்பு விதைப்பு செய்தால் அடுத்த பயிருக்கு உரிய ஈரத்தை அதுவே எடுத்துவிடும். அங்கே மழை விழுந்தால் விதைக்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். பூ எடுக்கும்போதே மடக்கிவிட வேண்டும், ஒரு வாரம் தாமதித்தால்கூட நட்டம். வங்காள பைராவுக்கும் நம் நெல் தரிசுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பயறு குடிக்கும் ஈரம் எப்படியும் வெயிலில் போகப் போகிற ஈரம். கிழக்கு மாநிலங்களை முக்கியமாகக் கொண்டு நாட்டில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நெல் அறுத்தபின் சும்மா கிடக்கிறது. அவ்வளவு ஈரமும் அவ்வளவு வெளிச்சமும் களைக்கு இலவசம்.

பிறகு, இந்த எண்ணிக்கை மோகம். நம்மாழ்வார் பரப்பிய பலதானிய விதைப்பு, மகாராஷ்டிரத்துத் தபோல்கரிடமிருந்து வந்த யோசனை. தானியம் நான்கு, பயறு நான்கு, எண்ணெய் வித்து நான்கு, மசாலா நான்கு, பசுந்தாள் நான்கு. ஆந்திரத்தில் அரசின் இயற்கை வேளாண் இயக்கம் 2018-லிருந்து பருவமழைக்கு முன்னால் இதேபோன்ற கலவையைப் புழுதியில் விதைக்க வைக்கிறது. நம்மாழ்வார் மீதும் அந்த இயக்கத்தின் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இருபது விதை சேராவிட்டால் பலிக்காது என்பது வேள்வி, வேளாண்மை அல்ல. வெளிநாட்டு ஆய்வுகள் பலவும் திரும்பத் திரும்பக் காண்பது, களையை அடக்குவது தழையின் அளவும் தரையை மூடும் வேகமும்தான், இனங்களின் எண்ணிக்கை அல்ல. கிலோ நூற்றுக்கணக்கில் விற்கும் சோம்பையும் வெந்தயத்தையும் வாங்கித் தூவிவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று பையை மடித்து வைத்துவிட்ட விவசாயிகளை உருவாக்கியது இந்த வேள்விதான். இரண்டு தானியம், இரண்டு மூன்று பயறினம் போதும். விதை உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பதாக இருக்க வேண்டும், அவ்வளவே. இளஞ்சோளத்தில் மாட்டைக் கொல்லும் நஞ்சு உண்டு, மேய விடக் கூடாது. மடக்கி உழுததும் அன்றே நாற்று விடாமல் இரண்டு வாரம் மட்க விட வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு தடையும் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் முளைத்துவிட்ட உளுந்து சக்கரத்தில் நசுங்குகிறது என்று தெளிப்பையே பலர் விட்டுவிட்டார்கள். இதற்கு அகலமான பட்டை ஓடும் இயந்திரமோ, தெளிக்கும் நாளை ஒத்திப்போடுவதோ, அறுத்தபின் தாளுக்குள்ளே விதை இறக்கும் கருவியோ தேட வேண்டும். பிரேசிலில் பரானா மாநிலத்துச் சிறு விவசாயிகளுக்காக, கருப்பு ஓட்ஸும் வெட்ச்சும் கலந்த மூடுபயிரைப் படுக்க வைக்கும் கத்தி உருளையை மாடு இழுக்கும் அளவிலேயே செய்து கொடுத்தார்கள். நம் வேளாண் பொறியியல் துறைக்கு அது முடியாத காரியமா? ட்ரோன் வைத்து மருந்து தெளிக்கக் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

தமிழ்நாடு அரசு மானியத்தில் பசுந்தாள் விதை கொடுக்கிறது. நல்லது. கொடுப்பது பெரும்பாலும் தக்கைப்பூண்டு மட்டும். அந்த மூட்டையோடு நாட்டுச் சோளமோ கம்போ இரண்டு மூன்று கிலோ சேர்த்துக் கட்டினால் அரசுக்குப் பெரிய செலவு இல்லை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், சித்திரை வைகாசி மழையில், வயல் காய்ந்து கிடக்கும்போதே விதைத்துவிடலாம் என்பதால் தண்ணீரில் கம்பு அழுகும் என்ற சாக்கும் இல்லை. இதைத் துறை செய்ய வேண்டும்.

துறை செய்யும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு மா நிலம் வைத்திருப்பவர் அடுத்த கோடை மழைக்கு ஒரு மாவில் மட்டும் தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, சோளம், கம்பு கலந்து தூவுங்கள். மற்ற மாவை வழக்கம்போல் விடுங்கள். பூ எடுக்கும்போது மடக்கி உழுது, இரண்டிலும் ஒரே நாளில் ஒரே நெல்லை நடுங்கள். இருபதாம் நாள் இரண்டு மாவிலும் ஒரே அளவு இடத்தில் களையைப் பிடுங்கி எடை போடுங்கள். அந்த எடையை எழுதிக்கொண்டு உரக்கடைக்குப் போங்கள்.